இளநியும் இருபது குளிசையும்

மருதமுனையில் ஒரு வீட்டில் சுகமில்லாத ஆள் இருக்கிறாரா என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. வாசலில் கிடக்கிற இளநிக் கோம்பைகளை எண்ணினால் போதும். எங்கட மூத்தவாப்பா முதலாவது கீமோ ஏற்றி வீட்டுக்கு வந்த அடுத்த நாள் பின்னேரம் எங்கள் வாசலில் 14 கோம்பை கிடந்தது. பெரியும்மா கொண்டுவந்தது நாலு, பின்வீட்டு மாமி அனுப்பினது ஒரு குலை, மிச்சம் பள்ளியில் கூடத் தொழுகிற ஆட்கள். "கீமோ சரியான சூடு, இளநிதான் குளிர்த்தி" என்பது எல்லோருடைய வாயிலும் இருந்த ஒரே வசனம். அதில் பாதிக்கு மேல் வெட்டி, வடித்து, டம்ளரில் ஊற்றி, "இன்னும் கொஞ்சம் குடிங்க" என்று தலையைத் தூக்கிப் பருக்கினது நாங்கள்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறோம், பிறகு எழுதத் தைரியம் வராது.

நாங்கள் என்றால் மூன்று பேரப்பிள்ளைகள். ஒருவர் ஒலுவில் கம்பஸில் கலைப்பீடம், ஒருவர் கல்முனையில் கடையில் நிற்கிறார், சின்னவள் ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதுகிற கை ஒன்றுதான். ஆனால் அந்த ராத்திரிகளில் யார் என்ன செய்தது, யார் என்ன செய்யாமல் விட்டது என்று பிரித்துப் பங்கு வைக்க எங்களால் இன்றைக்கும் முடியவில்லை.

கழுத்தில் கட்டி வந்தபோது ஊருக்கு ஒரே தீர்ப்பு: வெற்றிலை. அப்படிச் சொன்னதில் பிழையுமில்லை. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வெற்றிலையோடு சேர்கிற பாக்கும் புகையிலையும்தான் அதன் பெரிய காரணங்கள். மூத்தவாப்பா தறிக்காரர். சாரம் நெய்து பிள்ளைகளை ஆளாக்கியவர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து தறியை எடுத்துக்கொண்டு போனது; கன்னத்தில் இருந்த வெற்றிலையை மட்டும் எடுக்கவில்லை. ஆனால் பயொப்சி ரிப்போட் வேறொன்று சொன்னது. லிம்போமா. நிணநீர்க் கணுக்களில் வருகிற புற்றுநோய், அதிலும் வேகமாக வளர்கிற வகை. ஸ்கேன் எடுத்தபோது கழுத்தில் தெரிந்தது சின்னது, வயிற்றுக்குள்ளே இருந்ததுதான் பெரிசு. "இது கெதியா வளருற சாமான், அதனால மருந்துக்கும் கெதியா கரையும்" என்று டொக்டர் சொன்னார். எங்களுக்கு அது சந்தோஷச் செய்தியாக இருந்தது. கெதியாகக் கரைந்தால் என்ன நடக்கும் என்று கேட்க அப்போது தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே தேவையில்லை. நெருக்கமான வார்ட், கட்டிலுக்குக் கீழே பாய் போட்டும் ஆட்கள் படுத்திருந்தார்கள். திங்கட்கிழமை மருந்து ஏற்றினார்கள். அதில் ஒன்று ரோஸ் மில்க் மாதிரிச் சிவப்பு. அடுத்த நாள் மூத்திரம் செக்கச் சிவந்து போக, மூத்தம்மா "ரெத்தம் போகுது" என்று அழத் தொடங்கிவிட்டா. அது மருந்தின் நிறம், ரெண்டு நாளில் போய்விடும் என்று பக்கத்துக் கட்டில்காரர்தான் ஆறுதல் சொன்னார். செவ்வாய்க்கிழமை துண்டு வெட்டினார்கள். குளிசைப் பையைத் தந்தவர் சிங்களத்தில் வேகமாக விளங்கப்படுத்தினார். நாங்கள் "ஹரி, ஹரி" என்று தலையாட்டினோம். எங்களுக்குப் பிடிபட்டது ரெண்டே விஷயம்: வெள்ளைக் குளிசை ஒரு நேரத்துக்கு இருபது, தண்ணி நிறையக் குடிக்க வேண்டும். டயக்னோசிஸ் கார்டில் எல்லாம் ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுதித்தான் இருந்தது. 1987இல் 13ஆம் திருத்தம் வந்தபோது தமிழும் அரசகரும மொழியானது என்று கம்பஸில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறோம். குளிசைப் பைக்கு அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

இருபது குளிசை என்பது பிழையாக எழுதியது என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு பாமசியில் கேட்டோம். பிரெட்னிசலோன், ஒரு குளிசை 5 மில்லிகிராம், மொத்தம் 100. ஐந்து நாளைக்குக் காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு. இந்தக் கீமோவில் இதுவும் ஒரு மருந்துதான், வெறும் துணைக் குளிசை இல்லை. அது ஸ்டீரொய்ட் என்றும், சீனி வருத்தம் உள்ள ஆளுக்குச் சுகரை ஏற்றும் என்றும் அவர் சொன்னார். மூத்தவாப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சுகர். ஆகவே நாங்கள் உஷாரானோம். மெஷின் வாங்கினோம். ஒவ்வொரு நாளும் சுபஹுக்குப் பிறகு, வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தோம். புதன் 121. வியாழன் 128. ஸ்டீரொய்டை வென்றுவிட்ட மாதிரிக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டோம். இதய இமோஜிகள் வந்தன.

இன்னொரு குளிசையும் பையில் இருந்தது. அலோபியூரினோல். எங்களில் ஒருவர் கூகிளில் தேடினார். கவுட் எனப்படுகிற மூட்டு வாதத்துக்கான மருந்து என்று வந்தது. மூத்தவாப்பாவுக்கு மூட்டில் ஒரு நோவும் இல்லை. ஏற்கனவே இருபது குளிசை விழுங்கிவிட்டு ஓங்காளிக்கிற மனிசனுக்கு ஏன் தேவையில்லாத இருபத்தோராவது? வேறு யாருடைய மருந்தோ மாறி வந்திருக்கிறது என்று தீர்மானித்து, அதை எடுத்து அலுமாரியில் வைத்தோம். மூன்று பேரும் சேர்ந்து எடுத்த தீர்மானம். ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை.

வியாழன் அஸருக்குப் பிறகு அவர் ஒரு மாதிரியாகிவிட்டார். "உதட்டில எறும்பு ஊருது" என்றார். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. நாங்கள் தடவிவிட்டோம். காலையிலிருந்து மூத்திரம் போனது ஒரு தரம்தான், அதுவும் கொஞ்சம். மஃரிபுக்குப் பிறகு பேச்சு தடுமாறியது. இருபது வருஷத்துக்கு முந்திப் போன தறியில் பாவு அறுந்துவிட்டது, முடிச்சுப் போடு என்று மூத்தம்மாவைக் கூப்பிட்டார். கண்ணூறு என்றார்கள், வேறு ஏதோ பட்டிருக்கும் என்றார்கள். ஓதுவதற்கு மௌலவியைக் கூட்டிவந்தோம். அவர் ஓதினார், தண்ணீரில் ஊதினார். கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு எழும்பி, "ஓதினத ஓதியாச்சி மனே, இனி ஓட்டோவ எடுங்க. இது ஆஸ்பத்திரிக்குப் போற வருத்தம்" என்றார். அந்த மனிசனுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

நாங்கள் போனது மருந்து ஏற்றிய இடத்துக்கு அல்ல, கிட்ட இருந்ததற்கு. இரவு டியூட்டியில் இருந்த டொக்டர் எங்கட வயதைவிட நாலைந்து வயதுதான் கூடியிருப்பார், தமிழில் கதைத்தார். சுகர் பார்த்தார்: 438. நாங்கள் மெஷினைக் காட்டி "காலையில 128தானே" என்றோம். ஈ.சி.ஜி. எடுத்தார். அந்தக் கடதாசியைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. ரிப்போட் வருவதற்கு முதலே ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். பிறகு வந்த ரிப்போட்டில் பொட்டாசியம் 6.9, சாதாரணமாக 3.5இலிருந்து 5 அளவில் இருக்க வேண்டியது. யூரிக் அமிலம் ஏறியிருந்தது, பொஸ்பேட் ஏறியிருந்தது, கல்சியம் இறங்கியிருந்தது. கிட்னி சோர்ந்துபோயிருந்தது.

அடுத்த நாள் காலையில், டியூட்டி முடிந்து போகிற நேரத்தில், அந்த டொக்டர் வெளியே வாங்கில் இருந்து எங்களுக்கு விளங்கப்படுத்தினார். அதைத்தான் இங்கே எங்கட பாசையில் எழுதுகிறோம்.

புற்றுநோய்க் கலம் சும்மா காணாமல் போவதில்லை, அது உடைகிறது. உடைந்தால் உள்ளே இருந்ததெல்லாம் ரெத்தத்தில் கொட்டுகிறது. மூன்று சாமான் முக்கியம். ஒன்று பொட்டாசியம், இது கூடினால் இதயத்தின் துடிப்பு குழம்பும், நிற்கவும் செய்யும். ரெண்டாவது பொஸ்பேட், இது ரெத்தத்தில் இருக்கிற கல்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும், அப்போது கல்சியம் குறையும். உதட்டில் எறும்பு ஊர்ந்ததும் கால் இழுத்ததும் அதனால்தான். மூன்றாவது, கலத்தின் கருவில் இருக்கிற சாமான்கள் சிதைந்து யூரிக் அமிலமாக மாறும். அது கூடினால் கிட்னியின் குழாய்களுக்குள் மணல் மாதிரிப் படியும். கிட்னி அடைத்தால் பொட்டாசியம் வெளியே போக வழியில்லை, இன்னும் ஏறும். ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போகிற வட்டம் இது. கட்டி பெரிசாகவும் மருந்துக்குக் கெதியாகக் கரைவதாகவும் இருந்தால் ஆபத்து கூட. மருந்து ஏற்றி முதல் மூன்று நாளுக்குள்தான் பெரும்பாலும் வரும். சில லிம்போமாக்களிலும் லூக்கீமியாக்களிலும் டொக்டர்மார் இதை எதிர்பார்த்தேதான் இருப்பார்கள். கட்டி கரைவு நோய்க்குறி என்று தமிழில் சொல்லலாம். வார்டில் எல்லோரும் டி.எல்.எஸ். என்கிறார்கள்.

"அதுக்குத்தானே அலோபியூரினோல் தந்திருப்பாங்க?" என்று அவர் கேட்டார். நாங்கள் மூன்று பேரும் நிலத்தைப் பார்த்தோம்.

"தண்ணி குடிச்சாரா?"

"இளநி குடிச்சார் டொக்டர்."

ஒரு கப் இளநீரில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நடுத்தரமான ஒரு வாழைப்பழத்தைவிடக் கூட. நல்ல கிட்னி உள்ளவருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை, வெளியே தள்ளிவிடும். எங்கட மூத்தவாப்பாவின் கிட்னிக்கு வாசல் பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் டம்ளர் டம்ளராக ஊற்றினோம். கூட வந்த பேரீச்சம்பழத்திலும் அதே பொட்டாசியம்தான். "வதுற" என்று சிங்களத்தில் சொன்னது எங்களுக்கு விளங்காமல் இல்லை. விளங்கியது. தண்ணீரைவிட நல்லதைக் கொடுக்கிறோம் என்றுதான் நினைத்தோம்.

"இளநியால மட்டும் வந்ததில்ல, கட்டிதான் பெரிய காரணம்" என்று டொக்டர் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம், எங்கட முகத்தைப் பார்த்து இரங்கிச் சொன்னதாகவும் இருக்கலாம். மூத்தம்மா இதுவரைக்கும் எங்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

அந்த ராத்திரி செய்த வைத்தியத்தில் ஒன்று மறக்க முடியாதது. முதலில் மெதுவாக ஏற்றியது கல்சியம். அது பொட்டாசியத்தை ஒரு துளியும் குறைக்காதாம், இதயத்தைக் கொஞ்ச நேரத்துக்குப் பாதுகாத்து வைக்குமாம், அவ்வளவுதான். அந்த அவகாசத்துக்குள் இன்சுலின். இன்சுலின் சுகரைக் கலத்துக்குள் தள்ளும்போது பொட்டாசியத்தையும் கூடவே உள்ளே தள்ளிவிடும். சுகர் சரியாக உள்ள ஆளுக்கு இன்சுலினோடு குளுக்கோஸும் ஏற்றுவார்களாம், சுகர் இறங்கிப் போகாமல் இருக்க. எங்கட ஆளுக்கு 438 இருந்தபடியால் அது தேவைப்படவில்லை. பிறகு ரெண்டு நாள் சேலைன். மூத்திரத்தை அளந்து எழுதுவது எங்கட வேலை. தண்ணிப் போத்தலில் கோடு போட்டு, ஒவ்வொரு மணித்தியாலமும் மிஸ்ஸியிடம் போய்ச் சொன்னோம். 40 மில்லி. 55. 90. ஏ.எல். ரிசல்ட்டுக்குக் கூட இப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததில்லை என்றாள் சின்னவள். டயலிசிஸ் வரைக்கும் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இந்த அலோபியூரினோலின் கதையைப் பிறகு தேடிப் படித்தோம். குற்ற உணர்ச்சிக்குப் படிப்பும் ஒரு மருந்துதான் போல. கேட்ரூட் எலியன் என்ற நியூயோர்க்காரி, 1918இல் பிறந்தவர். பதினைந்து வயதில் அவருடைய தாத்தா புற்றுநோயில் இறந்ததைப் பார்த்துத்தான் இந்தத் துறைக்குப் போனதாகச் சொல்லியிருக்கிறார். கலாநிதிப் பட்டம் முடிக்க முடியாமல் போனவர். ஜோர்ஜ் ஹிச்சிங்ஸோடு வேலை செய்து, லூக்கீமியாவுக்கு 6-மேர்கப்டோபியூரின் என்ற மருந்தை உருவாக்கினார். அந்த மருந்தை உடம்பு சீக்கிரம் சிதைத்துவிடுகிறதே என்று, சிதைக்கிற நொதியத்தைத் தடுக்க முயற்சித்ததில் கைக்கு வந்ததுதான் அலோபியூரினோல். அதே நொதியம்தான் யூரிக் அமிலத்தையும் உண்டாக்குகிறது. ஆகவே அது 1966இல் கவுட் மருந்தாக வந்தது. 1988இல் ரெண்டு பேருக்கும், ஜேம்ஸ் பிளக்கோடு சேர்த்து, நோபல் பரிசு. அதாவது நாங்கள் கூகிளில் பார்த்தது பொய்யில்லை; புற்றுநோய் ஆராய்ச்சியிலிருந்து மூட்டு வாதத்துக்குப் போன குளிசை, திரும்பவும் புற்றுநோய் வார்டுக்கு வந்திருக்கிறது. அரைவாசிக் கதையைத்தான் நாங்கள் வாசித்தோம். ஏற்கனவே உண்டான யூரிக் அமிலத்தை இந்தக் குளிசை கரைக்காது, புதிதாக உண்டாவதைத்தான் தடுக்கும். அதனால்தான் கீமோவுக்கு முதலே தொடங்கி, விடாமல் போட வேண்டும் என்கிறார்கள்.

இனி அந்த 128. ஸ்டீரொய்டைக் காலையில் போட்டால், சுகர் ஏறுவது பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, பின்னேரத்தில். இரவு போகப் போக இறங்கி, விடியும்போது நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். வெறும் வயிற்றில் பார்க்கிற ஆளுக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் விடிய விடியக் குத்தினோம், அது பின்னேரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. ரெண்டாவது கீமோவிலிருந்து அஸர் பாங்கு சொன்னவுடன் பார்க்கிற பழக்கத்துக்கு வந்தோம். அந்த ஐந்து நாளைக்கு மட்டும் காலையில் இன்சுலின் எழுதித் தந்தார்கள். கிட்னி தேறும் வரைக்கும் மெற்போமினை நிறுத்திவைத்தார்கள்.

ஒரு கொப்பி போட்டோம். திகதி, குடித்த தண்ணி, போன மூத்திரம், அஸர் சுகர், நிறை. ரெண்டாவது தடவை ஆறாம் நாள் காலையில் எங்களில் மூத்தவன் பழக்கதோஷத்தில் இன்சுலினை சிரிஞ்சில் இழுத்துவிட்டான். சின்னவள் கொப்பியோடு ஓடி வந்து, "காக்கா, இண்டைக்கு ஆறாம் நாள், இருபது குளிசை நேத்தோட முடிஞ்சி" என்றாள். பார்த்தால் சுகர் 97. ஸ்டீரொய்ட் நின்ற பிறகு அதே அளவு இன்சுலின் போட்டிருந்தால் மறுபக்கம் விழுந்திருப்போம். கூடினால் தாகம், மூத்திரம், சோர்வு என்று நின்று நிதானமாக வரும். குறைந்தால் வியர்த்து, நடுங்கி, பத்து நிமிடத்தில் ஆள் மயங்கலாம். டி.எல்.எஸ். பயம் பெரும்பாலும் முதல் தடவையோடு குறைந்துவிடுகிறது, கட்டி சிறுத்துவிடுவதால். சுகர் அப்படியில்லை, இருபது குளிசை வருகிற ஒவ்வொரு தடவையும் வரும்.

நாலாவது கீமோ றமழானுக்குள் வந்தது. அவருக்கு நோன்பு பிடிக்க வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து விட்டதில்லையாம், சுனாமிக்குப் பிறகு வந்த றமழானில் முகாம் கூடாரத்திலும் பிடித்தாராம். நோயாளிக்குக் குர்ஆனிலேயே சலுகை இருக்கிறது என்று அதே மௌலவியே வந்து சொன்னார். பித்யாவைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். மறுத்துப் பேசவில்லை, ஆனால் பகலில் எங்களுக்கு முன்னால் சாப்பிடமாட்டார். பின்னால், முன்பு தறி இருந்த கொட்டிலுக்குள் கதிரையைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். நாங்கள் சோற்றை வைத்துவிட்டு வெளியே நிற்போம். எவ்வளவு தின்றார், எவ்வளவு மிச்சம் என்று கொப்பியில் எழுத வேண்டும். ஆனால் மிச்சத்தை அளக்கிற நேரம் அவருடைய முகத்தைப் பார்க்க முடியாது. இப்படியான விஷயங்களுக்கு எந்த டயக்னோசிஸ் கார்டிலும் இடமில்லை.

ஆறு தடவையும் முடிந்தது. கழுத்தில் கட்டி இல்லை, ஸ்கேனும் நல்லம் என்றிருக்கிறது. மயிர் திரும்ப முளைத்திருக்கிறது, வெற்றிலை திரும்ப வரவில்லை.

போன மாதம் சாய்ந்தமருதில் இருக்கிற மாமியின் மகன் கோல் எடுத்தான். மாமிக்கு மார்பகப் புற்றுநோய், எலும்புக்குப் பரவியிருக்கிறது. கொஞ்ச நாளாகச் சரியான தாகம், இரவில் ஐந்தாறு தரம் மூத்திரம், வயிறு போகுதில்லை, ரெண்டு நாளாகப் பிள்ளைகளின் பெயரையே மாற்றிச் சொல்கிறா. வயசு போனா அப்படித்தான் என்று சொல்கிறார்கள், சுகர் பார்த்தோம் நல்லாத்தான் இரிக்கி என்றான். முன்பென்றால் நாங்களும் துஆ செய்கிறோம் என்று சொல்லிவிட்டு வைத்திருப்போம். வார்டில் மூன்று கட்டில் தள்ளிப் படுத்திருந்த ஒரு அம்மாவுக்கு இதே கதைதான் நடந்தது என்று சின்னவளுக்கு ஞாபகம் வந்தது. எலும்பைப் புற்றுநோய் அரிக்கும்போது கல்சியம் ரெத்தத்துக்குள் வரும். தாகம், மூத்திரம், மலச்சிக்கல், மறதி. மூத்தவாப்பாவுக்குக் குறைந்த அதே கல்சியம் இவவுக்குக் கூடியிருக்கலாம். "எங்களுக்கு வைத்தியம் தெரியாது மச்சான், ஆனா இண்டைக்கே கொண்டு போங்க, கல்சியம் பாத்தாச்சா எண்டு மட்டும் கேளுங்க" என்றோம்.

13.8 என்று ராத்திரி மெசேஜ் வந்தது. 10.5க்குள் இருக்க வேண்டியது. சேலைன் ஏற்றி, எலும்புக்கு ஒரு ஊசியும் போட்டார்கள். நாலாம் நாள் பிள்ளைகளின் பெயரைச் சரியாகச் சொல்லித்தான் ஏசினாவாம்.

மச்சான் வந்து கொப்பியைக் கேட்டான், மாதிரி பார்த்து ஒன்று போட. கொடுத்துவிட்டோம். மூத்தவாப்பாவுக்கு 18ஆம் திகதி கிளினிக் இருக்கிறது, அதற்கு முதல் போய்த் திருப்பி வாங்க வேண்டும்.